கோணல் குச்சி

குச்சி கோணலாக நிற்கிறது, பால் பாதி இறுகிய பிறகு செருகவேண்டியதை அவசரப்பட்டு முன்னாலேயே செருகிவிட்டேன், அலுமினிய அச்சைத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கி உருவினால் வெளிறிய பச்சையில் ஒரு கட்டி, அதன் தலையில், பந்தியில் மூக்குமுட்டத் தின்றுவிட்டு எழுந்தவன் மாதிரி ஒரு பக்கம் சாய்ந்த குச்சி, உருக்கி வைத்த சாக்லேட்டில் இதை முக்கினால் கோணல் தெரியாமல் போகுமா என்று திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன், போகாது, எழுகடல் தெருவில் நாற்பது வருஷம் பாத்திரக்கடை நடத்தியவன், கழுத்துக் கோணிய குடத்தை நல்ல பக்கம் தெரியும்படி நிறுத்தி விற்றவன், எனக்கா தெரியாது, சாக்லேட் பள்ளத்தை மூடும், கோணலை மூடாது. மார்கழியில எவனாச்சும் ஐஸ் செய்வானா என்று அடுப்படி வாசலில் நின்று கேட்கிறாள் மங்கை, என் மனைவி, வர்ற பிள்ளைக்குத் தொண்ட கட்டிக்கப்போவுது, ஒரு காப்பியக் குடுத்து அனுப்புவோம்னு இல்லாம, அவளுக்கு இதுதான் பிடிக்கும்டி என்கிறேன் நான், பிடிக்குமா, அவளுக்கா ஒங்களுக்கா என்று சிரித்தவள் சிரிப்பை நிறுத்திவிட்டு அருகில் வந்தாள், இங்க பாருங்க, ஐஸ் உருகிப் போகட்டும், உருகாம இருக்கட்டும், மருமகனையும் கூட்டிக்கிட்டு வீட்டுக்கு வாத்தான்னு ஒரு வார்த்த வாயத் தெறந்து சொல்லுங்க, அடுத்த வாரம் மஸ்கட்டுக்குப் போறாங்க, அதுக்குத்தான் அழுது பெரண்டு அரை மணி நேரமாச்சும் வந்துட்டுப் போன்னு வரச் சொல்லியிருக்கேன், விட்டா இனிமே கெடைக்காது. சொல்றேன்டி, சொல்றதுக்குத்தானே இவ்வளவும், என்கிறேன், எட்டு வருஷமாக அந்த வார்த்தை என் வாய்க்குள் அச்சிலிருந்து உருவ வராத கட்டி மாதிரி ஒட்டிக்கொண்டு கிடக்கிறது.

இந்த அச்சு என் கடையில் விலைபோகாமல் பரணில் கிடந்த குல்பி அச்சு, பத்தாம் வகுப்பு முடிந்த கோடையில் சொர்ணா, என் மகள் சொர்ணலதா, கண்டெடுத்தாள், பாலைச் சுண்டக் காய்ச்சி அடுப்பை அணைத்த பிறகுதான் புதினாவைப் போட்டு மூடவேண்டும், கொதிக்கும்போது போட்டால் காறும், பிறகு வடிகட்டி, சர்க்கரை கலந்து, ப்ரீசரில் வைத்து, வெந்நீர்ப் பாத்திரத்தின்மேல் கிண்ணத்தை உட்காரவைத்துச் சமையல் சாக்லேட்டை உருக்கி, அதில் ஒரு கரண்டி தேங்காய் எண்ணெய், அப்போதுதான் மேல்தோடு மெல்லிசாக இறுகும், கடித்தால் டக்கென்று உடையும், இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு செய்வாள், புதினாவத் துவையலுக்கு அரைக்கிறவளப் பாத்திருக்கேன், பால்ல போடுறவள இன்னைக்குத்தான் பாக்குறேன் என்று மங்கை தலையில் அடித்துக்கொள்வாள், நான் கடையிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு வந்து வியர்வையோடு உட்காருவேன், குளிர்ந்த தட்டு முன்னால் வரும், கடிக்கிறேன், முதலில் சாக்லேட்டின் கசப்பு, அது உடைந்ததும் உள்ளேயிருந்து பச்சை வாசனை மூக்குவரை ஏறுகிறது, தெருவின் வெக்கை, அண்டா அடுக்கும் சத்தம், வாடிக்கைக்காரியின் வாய், எல்லாம் அந்த நொடியில் ஓய்ந்துபோகிறது, அவள் நகத்தைக் கடித்துக்கொண்டு என் முகத்தையே பார்க்கிறாள், நான் சொல்கிறேன், புதினா தூக்கல், தோடு தடிமன், குச்சியப் பாரு, கோணல். சொல்லிவிட்டு இரண்டாவதை எடுக்கிறேன். அதிலும் குறை சொல்லிவிட்டு மூன்றாவதை. குறை சொல்லிக்கொண்டே மூன்று தின்பவனைப் பார்த்தால் தெரியவேண்டாமா, என் அப்பா கல்லாவில் உட்கார்ந்து எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் அதுதானே, நல்லாருக்கு நல்லாருக்குன்னு சொல்லிக்கிட்டு நிக்கிறான்ல, அவன் வாங்க மாட்டான்டா, நிழலுக்கு ஒதுங்கினவன், ஓட்ட ஒடசல்னு நோண்டுறா பாரு ஒரு அம்மா, அவளுக்கு ஸ்டூல எடுத்துப் போடு. ஸ்டூல் போட்டு உட்கார்ந்துதான் நான் அத்தனை குறையும் சொன்னேன், கடைக்காரன் பெற்ற பிள்ளை, அதற்கு இது புரியாமலா இருக்கும் என்று நினைத்தேன், அவளும் அடுத்த தடவை புதினாவைக் குறைத்தாள், தோட்டை மெல்லிசாக்கினாள், குச்சியை நிமிர்த்தினாள், நான் புதுக் குறை கண்டுபிடித்தேன், எங்கள் வீட்டில் கொஞ்சல் என்பதே அதுதான். இன்று காலை அந்த நோட்டைத் தேடி எடுத்துப் பக்கங்களைப் புரட்டினேன், செய்முறைக்குக் கீழே உருண்டை உருண்டையான பள்ளிக்கூட எழுத்தில், அப்பாவுக்குப் பிடிக்கவில்லை, அடுத்த தேதி போட்டு, அப்பாவுக்குப் பிடிக்கவில்லை, பிறகு, இன்றும் பிடிக்கவில்லை, கடைசிப் பக்கத்தில் தேதிகூட இல்லை, புதினாக் கறை மட்டும் ஒரு விரல் அகலத்துக்கு.

ப்ரீசர் சரியாகக் குளிராமல் போனபோது பழுது பார்க்க வந்தவன்தான் எட்வின், நாகர்கோவில்காரன், ப்ரிட்ஜின் முதுகைத் திறக்குமுன் விரல் முட்டியால் தட்டிவிட்டுக் காதை வைத்துக் கேட்டான், பித்தளைக் குடத்தை நான் சுண்டிப் பார்ப்பதுபோலவே கேட்டான், அப்போதே எனக்கு அவனைப் பிடித்துவிட்டது, பிடித்த சாமானைப் பிடித்த கண்ணால் பார்க்கக்கூடாது என்பதால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். இரண்டு வருஷம் கழித்து ஒரு சித்திரை மாத ஞாயிற்றுக்கிழமை, மதியம், அவன் கூடத்தில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கிறான், சொர்ணா ரொம்ப நாளைக்கப்புறம் அந்த ஐசைச் செய்திருக்கிறாள், அவன் ஒரு கடி கடித்துவிட்டு, செமையா இருக்கு சொர்ணா என்கிறான், எனக்குத் திக்கென்றது, புகழ்கிறானே, நிழலுக்கு ஒதுங்கினவனோ என்று, அவன் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு, மாமா, நாங்க ரெண்டுபேரும் கல்யாணம் பண்ணிக்கணும்னு இருக்கோம் என்றான். விஷயம் எனக்கு ஒரு வாரம் முன்பே மங்கை சொல்லித் தெரியும், கடையில் பேர் வெட்டுகிறவனிடம் ஒரு பித்தளைத் தட்டைக் கொடுத்து, நடுவில் சொர்ணலதா எட்வின் என்று வெட்டச் சொல்லி வாங்கிப் பரணில் காகிதம் சுற்றி வைத்தும் ஆகிவிட்டது, மதம் வேற, ஊர் வேற, சாதிசனம் என்ன சொல்லும் என்று இரண்டு தடவை முறுக்கி, மூன்றாவது பேச்சில் இறங்கி, ஆவணியில் முடித்துவிடுவதாகத்தான் என் கணக்கு, கேட்ட மாத்திரத்தில் தலையாட்டினால் என் பிள்ளைக்கு என்ன மதிப்பு, அவனுக்கும்தான் என்ன மதிப்பு, கேட்டவுடன் இறங்குகிற சாமானை எவன் நல்ல சாமான் என்று நினைப்பான். ஆகவே சொன்னேன், அதெல்லாம் சரிப்பட்டு வராது தம்பி, நீ வேற நாங்க வேற, இதப் பேசவே வேணாம், சொல்லிவிட்டு எழுந்து நடந்தேன். எங்கள் தெருவில் எழுந்து நடப்பது முடிவு இல்லை, அதுதான் ஆரம்பம், வாங்க வந்தவள் வேணாம்பா என்று எழுந்து தெருவில் பத்தடி வைப்பதற்குள், அம்மா இங்க வாங்க, கோவிச்சுக்காதீங்க, உக்காருங்க என்று கடைக்காரன் கூப்பிட்டாகவேண்டும், கூப்பிட்டதும் அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரும்புவாள், அதற்குப் பிறகுதான் நிஜப் பேச்சு, இது தெரியாதவன் மதுரையில் ஒரு கரண்டி வாங்க முடியாது. ஒன்று, இரண்டு என்று கூடத்தைக் கடந்தேன், உள் அறைக்குள் போய் இரும்புப் பீரோவுக்கும் கதவுக்கும் நடுவில் நின்றேன், பத்து ஆகிவிட்டது, அப்பா கொஞ்சம் உக்காருங்க என்று ஒரு குரல் வரும், வந்தவுடன் எந்த முகத்தோடு திரும்புவது என்று பீரோக் கண்ணாடியில் முகத்தைக்கூடச் சரிசெய்துகொண்டேன், குரல் வரவில்லை, இரண்டு ஜோடிச் செருப்புச் சத்தம் வந்தது, வெளிக்கதவின் கொண்டி விழுந்தது. நான் வெளியே வந்தபோது தட்டில் ஐஸ் தண்ணீராகிக் கிடந்தது, மங்கை சுவரோடு சாய்ந்து நின்றுகொண்டு, அவ கூப்புடுவான்னா உள்ள போயி நின்னீங்க, அது பொண்ணுய்யா, யாவாரி இல்ல, என்றாள். நீ வேற நாங்க வேற என்பதை நான் ஒரு குறையாகத்தான் சொன்னேன், அவன் அதை ஒரு பதிலாக எடுத்துக்கொண்டு போய்விட்டான், எட்டு வருஷம் ஆகிறது.

இப்போது ஆட்டோ வந்து நிற்கிறது, இல்லை, வந்து நின்று சொர்ணா இறங்கி உள்ளே வந்து உட்கார்ந்தும்விட்டாள், எட்வின் தெருமுனையில் ஆட்டோவுக்குள்ளேயே இருக்கிறான், வேணாம் என்று சொன்ன வாசலை அவன் மிதிப்பதாக இல்லை, மகளின் காதோரம் இரண்டு நரை, எனக்கு நரைத்தபோதுகூட இப்படி வலிக்கவில்லை. பரணிலிருந்து இறக்கிப் புளி போட்டுத் தேய்த்த பித்தளைத் தட்டில், வெட்டிய பெயர்களின்மேல் ஐசை வைத்துக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன், வாயால் வராதது தட்டால் வரட்டும் என்று, அவள் எடுத்துச் சாப்பிடச் சாப்பிடக் கீழே எழுத்துத் தெரியும், தெரிந்ததும் நிமிர்ந்து பார்ப்பாள், அப்போது சொல்லிக்கொள்ளலாம், நல்ல சரக்கைக் கடைசியில் எடுத்து விரிக்கிறவன்தானே நான். ஒங்க அப்பாரே காலைலருந்து நின்னு செஞ்சதுடி என்றாள் மங்கை. சொர்ணா குச்சியைப் பிடித்து முனையை மட்டும் சாய்த்து ஒரு கடி கடித்தாள், டக்கென்று தோடு உடைந்தது, நான் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன், புதினா தூக்கல் என்று சொல்லட்டும், தோடு தடிமன் என்று சொல்லட்டும், ஸ்டூல் எடுத்துப் போடத் தயாராக நிற்கிறேன், அவள் வாயைத் துடைத்துக்கொண்டு, நல்லாருக்குப்பா, ரொம்ப நல்லாருக்கு என்றாள், எழுத்தைப் பார்க்காமலே ஐசைத் தட்டில் வைத்தாள், மணியைப் பார்த்தாள், நேரமாச்சும்மா, அவரு காத்துக்கிட்டிருக்காரு. எட்வின் வாயிலிருந்து கற்றுக்கொண்ட நிஜமான நல்லாருக்கா, எங்கள் தெருவின் நல்லாருக்கா என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை, ஓசையை வைத்தே ஓட்டைப் பாத்திரத்தைக் கண்டுபிடிக்கிறவனுக்கு. அம்மாவைக் கட்டிக்கொண்டாள், என்னிடம், வர்றேன்பா, ஒடம்பப் பாத்துக்கங்க என்றாள், நடந்தாள். ஒன்று, இரண்டு, கூப்பிடவேண்டியவன் இந்தத் தடவை நான், மங்கை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு என்னையே பார்க்கிறாள், ஐந்து, ஆறு, எட்வினையும் கூட்டிக்கிட்டு உள்ள வாத்தா, அவ்வளவுதான், ஒன்பது, வாசலில் குனிந்து செருப்பை மாட்டுகிறாள், வாயைத் திறந்துவிட்டேன், திறந்த வாய் பழகிய வழியிலேயே போனது, குச்சி கோணலா இருக்குல்லத்தா, என்றேன். ஆமாப்பா என்று மட்டும் சொல்லியிருந்தால், ஒரு குறை, ஒரே ஒரு குறை சொல்லியிருந்தால் போதும், பேச்சு தொடங்கியிருக்கும். அவள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள், அடுத்த வீட்டுப் பெரியவரைப் பார்த்துச் சிரிப்பதுபோல, இல்லப்பா, நேராத்தான் இருக்கு, என்றாள்.

ஆட்டோ கிளம்பிய சத்தம் தெருவைத் தாண்டி ஓய்ந்துவிட்டது, மங்கை அடுப்படிக்குள் போய்விட்டாள், ப்ரீசரில் இன்னும் மூன்று இருக்கின்றன, ஒன்று எட்வினுக்கென்று வைத்தது, அதில் மட்டும் குச்சி நேராக விழுந்திருந்தது, நான் நாற்காலியை இழுத்துப்போட்டு அவள் கடித்து வைத்ததன் எதிரில் உட்கார்ந்திருக்கிறேன், தோடு நிற்கிறது, கடித்த வாய் வழியாக உள்ளே இருந்தது மட்டும் பச்சையாக ஒழுகி வெளியேறிக்கொண்டிருக்கிறது, பிடிக்க ஏதுமில்லாமல் குச்சி மெல்லச் சரிந்து தட்டில் படுக்கிறது, இப்போது அது நேராகத்தான் இருக்கிறது, அதன் ஓரமாகத் தண்ணீருக்கு அடியிலிருந்து புள்ளி புள்ளியாகத் தட்டில் வெட்டிய ஓர் எழுத்து மேலே வருகிறது, பிறகு ஓர் எழுத்து.