அலை உடையாத இடம்

மீன் எங்கே வரும் என்று தெரிய வேண்டுமானால், கடல் நீர் இறங்கியிருக்கும்போதே கரையில் நடந்து பார்க்க வேண்டும். மணல் திட்டும், அதற்கு இந்தப் பக்கம் பள்ளமும் அப்பட்டமாகத் தெரியும். திட்டு அறுந்து கிடக்கும் இடம்தான் வாய். நீர் ஏறும்போது மற்ற இடமெல்லாம் அலை வெள்ளையாக உடையும். வாயில் மட்டும் உடையாது. மீன் அந்த வழியாகத்தான் பள்ளத்துக்குள் நுழையும். அதற்கு நேரே நிற்பவன் பாடு கொண்டாட்டம்.

அங்கே எப்போதும் ஒரு தொப்பிக்காரர்தான் நிற்பார்.

நான் ஃபிரிட்ஜ் மெக்கானிக். என் ஃபிரிட்ஜில் தூண்டிலுக்கான இறாலைத் தவிர ஒன்றும் கிடையாது. மனைவி இறந்த பிறகு வீட்டில் பேச்சுத்துணைக்குக் கம்ப்ரசர் சத்தம்தான். நீர் ஏறும் நேரம் தினமும் தள்ளிப்போகும். அதற்குத் தகுந்தபடி "பார்ட்ஸ் வரலைங்க" என்று வாடிக்கையாளர்களிடம் புளுகிவிட்டு ஓடிவருவேன். வந்து பார்த்தால் இந்த மனுஷன் முந்தியிருப்பார். வயிறு எரியும்.

"எப்படி?" என்று தள்ளி நின்றே கேட்பேன்.

"ஏதோ பொழுது போகுது" என்பார், பை நிறைய மீனை வைத்துக்கொண்டு. வருஷக்கணக்கில் எங்கள் பேச்சு அவ்வளவுதான்.

போன வாரம் கடல் கொந்தளித்துத் திட்டையே இடம் மாற்றிவிட்டது. அலை அடங்கியதும் கரை முழுக்க நடந்து, புது வாயை நானே முதலில் கண்டுபிடித்தேன். ஒரு நாளாவது அந்த ஆள் என் மீனைப் பார்த்து வயிறு எரிய வேண்டும். நீர் ஏறியது. முதல் வீச்சிலேயே தூண்டில் கம்பு வளைந்தது. முழங்கை நீள மீன். தூக்கிப் பிடித்துக்கொண்டு திரும்பினேன். கரையில் யாரும் இல்லை.

மறுநாளும் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. மீன் மட்டும் வந்துகொண்டே இருந்தது. சனியன், காட்ட ஆளில்லாத மீனை என்ன செய்ய?

இறால் விற்கும் அக்காவிடம் விசாரித்தேன். பேர் தெரியாததால் தலைமேல் கையைக் கவிழ்த்துக் காட்டினேன்.

"அவரா? மகன் வந்து தன்னோட கூட்டிட்டுப் போயிட்டாரு. இனிமே இங்க வரமாட்டாரு. உங்ககிட்ட சொல்லலையா?"

"எங்கிட்ட எதுக்குச் சொல்லணும்?"

"நல்லாருக்கே! கூட்டாளி வர்றதுக்குள்ள போகணும்னு தினம் இறாலைப் பிடுங்காத குறையா வாங்கிட்டு ஓடுவாரு. அது நீங்கதானே?"



இன்று வாய்க்கு நேரே நிற்கவில்லை. தள்ளிப் போய், உடைகிற அலைக்கு முன்னால் நின்றேன். வீசிய தூண்டில் நரம்பையெல்லாம் அலை கரைக்கே திருப்பித் தள்ளியது. அப்போது புதுக் கம்போடு ஒருவர் வந்து, வாய்க்கு நேரே பையை வைக்கப் போனார்.

"சார், இங்க நிக்கலாமா? யாரும் இல்லையே?"

பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடித்தவனைப் போல வெடுக்கென்று சொன்னேன்.

"ஆள் வருது."

அவர் பையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார். நானும் ஒருமுறை கரையைத் திரும்பிப் பார்த்தேன்.