வலத்தோளில் என்ன இருக்கிறது

“வலத்தோள் சுற்றுன்னு சொன்னா யாருக்கும் வாய் சுளுக்கிக்காதுடா—”

“வாய்க்கு ஒண்ணும் ஆகாது, ஆட்டத்துக்குத்தான் ஆகும். பஸ்ஸை ரிவர்ஸ் எடுக்கிறவன்கிட்ட சொல்ற மாதிரி—”

“முடிக்க விடு, அம்புரோஸ்—”

“நீ எப்ப முடிச்சிருக்கே, ஹெஸ்டர்?”

அக்காவும் தம்பியும் என் தலைக்கு மேலேயே சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நியூ ஹாம்ப்ஷயரில், மாதாமாதம் வரிசை நடனம் நடக்கும் எங்கள் ஊர் மன்றத்து மேடை அவ்வளவு சிறியது. பியானோ முன்னால் உட்கார்ந்தால், இடப்பக்கம் அம்புரோஸின் வயலின் வில் காதை உரசும், வலப்பக்கம் ஹெஸ்டரின் மைக் கம்பி காலை இடறும். அவன் வாசிப்பான், அவள் அடுத்த அடி என்ன என்று ஆடுகிறவர்களுக்குக் கூவிச் சொல்வாள். கீழே மார்ச் மாதச் சேற்றோடு வந்தவர்கள் கதவோரம் பூட்ஸைக் கழற்றிவிட்டு ஆட்டச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள். ஆட்டம் தொடங்குவதற்குள் இந்தச் சண்டை முடியுமா என்பதுதான் எனக்குக் கவலை.

சண்டை ஓர் அடியின் பெயரைப் பற்றியது. இரண்டு பேர் எதிரெதிரே வந்து, கை தொடாமல், கண்ணை எடுக்காமல், வலத்தோள் உள்பக்கமாக ஒருவரை ஒருவர் சுற்றி வருவார்கள். அதற்கு ‘ஜிப்ஸி’ என்று பெயர். யார் வைத்தார்களோ, எங்கள் வாயில் உப்பு மாதிரி கரைந்து கிடந்தது. போன மாதம் ஆட்டத்தின் நடுவில் இலோனா வரிசையைவிட்டு வெளியே போனாள். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள், எங்களில் நன்றாக ஆடுகிறவள், ஜிப்ஸி என்று ஊர் இளப்பமாகச் சொல்லும் ரோமா இனத்தவள். ஹெஸ்டர் பின்னாலேயே ஓடினாள்.

“அந்த அடி எனக்குப் பிடிக்கும்,” என்றாளாம் இலோனா, கார் கதவைத் திறந்தபடி. “ஆனா நீங்க மைக்ல அதைக் கூவறப்ப, எங்கம்மாவைக் கடைவாசல்ல அப்படிக் கூப்பிட்டுத் துரத்தினது கேக்குது. இனிமே வருவேனான்னு தெரியலை.”

இன்றைக்கு வந்திருந்தாள். ஆனால் பூட்ஸைக் கழற்றவில்லை. செருப்புப் பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு கதவோரமே நின்றாள்.

அம்புரோஸும் பார்த்தான். குரல் தணிந்தது. “நாம யாரும் கெட்ட எண்ணத்தில சொல்லலியே.”

“சொல்லலைதான். நம்ம எண்ணம் அவ காது வரைக்கும் கூடவே போகுதா? ஒரு மாசமா கோழிக்குத் தீவனம் போடறப்பல்லாம் புதுசைச் சொல்லிப் பழகிட்டேன்.”

“அப்ப கோழிங்க நல்லா ஆடும்.”

ஹெஸ்டர் மைக்கை எடுத்தாள். வரிசைகள் சேர்ந்தன. முதல் சுற்று கை கோத்தல், அடுத்து இணை மாறுதல், எல்லாம் வழுக்கிக்கொண்டு போயிற்று. பிறகு அவள், பல்லுக்கிடையில் வைத்திருந்த பழைய வார்த்தையை விழுங்கிவிட்டு, “வலத்தோள் சுற்று” என்றாள்.

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் எதிராளியின் வலத்தோளைப் பார்த்தார்கள். பார்த்தபடியே சுற்றினார்கள். தபால்காரர் டாக்டரம்மாவின் தோளைத் தையல்காரன் மாதிரி அளந்தார். ஒரு பெண் எதிரில் இருந்தவர் சட்டையிலிருந்து நூல் ஒன்றை எடுத்தே விட்டாள். சிரிப்பு கிளம்பி, வரிசை கலைந்து, இரண்டு ஜோடிகள் முட்டிக்கொண்டன. ‘நான்தான் சொன்னேனே’ என்று அம்புரோஸின் வில் ஒரு நீண்ட இழு இழுத்தது.

ஹெஸ்டரின் கழுத்து சிவந்தது. மறுபடி சொன்னாள். மறுபடியும் தோள்தான். இலோனா பையை மறு அக்குளுக்கு மாற்றிக்கொண்டு கதவுப் பக்கம் திரும்புவதை நான் பார்த்தேன். ஹெஸ்டரும் பார்த்தாள். என்ன செய்ய, பழைய பெயரைச் சொன்னால் ஆட்டம் நேராகிவிடும், இலோனா போய்விடுவாள்.

அப்போது அம்புரோஸ் வில்லைத் தூக்கிவிட்டான். வயலின் நின்றால் அவனுக்குப் பொறுக்காது, ஆட்டம் கெட்டால் அதைவிடப் பொறுக்காது. “தோள்ல என்னய்யா ஒட்டியிருக்கு?” என்று மைக் இல்லாமலே கத்தினான். “கண்ணைப் பாருங்க. கண்ணைப் பார்த்துச் சுத்துங்க.”

“கண்ணாடியக் கழட்டி வச்சிட்டேன் அம்புரோஸ், ரெண்டு பேரு தெரியறாங்க,” என்றார் தபால்காரர்.

“அழகா இருக்கிறவங்களைப் பாருங்க.”

ஹெஸ்டர் தம்பியை ஒரு கணம் பார்த்தாள். பிறகு மைக்கில், கோழிகளிடம் ஒருநாளும் சொல்லாத அந்தச் சொல்லை, தாளத்தில் கச்சிதமாக வைத்தாள். “கண்ணைப் பார்த்துச் சுற்று.” கூடம் முழுக்கத் தலைகள் நிமிர்ந்தன.

இடைவேளையில் எங்கள் ஊர் வழக்கப்படி, சூடான மேப்பிள் மரத்துப் பாகை வெளியிலிருந்து அள்ளிய பனிமேல் ஊற்றி, புளித்த வெள்ளரி ஊறுகாயோடு தின்றோம். “வார்த்தை என்னுது, ஞாபகம் வச்சுக்க,” என்றான் அம்புரோஸ். “காப்புரிமை வாங்கிக்கடா,” என்றாள் ஹெஸ்டர். திரும்பி மேடை ஏறப்போனபோது, கதவோரம் இலோனா நின்ற இடத்தில் அவளுடைய சேற்று பூட்ஸ் மட்டும் நின்றது. அவள் ஆட்டச் செருப்போடு மேடைக்குக் கீழே நின்று, ஹெஸ்டரைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, அம்புரோஸிடம் கையை நீட்டினாள்.

“நான் வாசிக்கிறவன். ஆடமாட்டேன்,” என்றான்.

“ஒரு ஆட்டத்துக்கு என் பியானோ போதும், இறங்கு,” என்றேன் நான்.

வயலினை என் பியானோமேல் வைத்துவிட்டு, பரீட்சைக்குப் போகிறவன்போல இறங்கினான். நான் மெதுவாகவே தொடங்கினேன். கை கோத்தார்கள், இணை மாறினார்கள், வந்து சேர்ந்தார்கள். ஹெஸ்டர் அவன் சொன்ன சொல்லையே கூவினாள். எல்லாரும் நிமிர்ந்து சுற்றினார்கள், அம்புரோஸைத் தவிர. அவன் கண்கள் இலோனாவின் தோளில் ஆணியடித்ததுபோல நின்றன, காதுமடல் சிவந்திருந்தது. மேடையருகே சுற்றி வந்தபோது அவள் சொன்னது எனக்குக் கேட்டது.

“என் தோள்ல ஒண்ணும் இல்ல, அம்புரோஸ். நிமிர்ந்து பாருங்க.”