பெட்டி மட்டும் நரிட்டாவில்

...இல்லை, ஹனேடா என்றுதான் சொன்னேன், சொல்லியிருப்பேன், இரண்டு வாரமாக என் வாயில் வேறு எந்த ஊர்ப் பெயர் இருந்தது, மாடி வீட்டு மொரியாவிடம் ஹனேடா, பல் டாக்டரிடம் ஹனேடா, தெருமுனைக் குப்பைக் கூண்டைக் கழுவும் முறையை மாற்றிக்கொள்ளப் போனபோதுகூட "அடுத்த வாரம் நான் இருக்க மாட்டேன், ஹனேடா ஏர்போர்ட்டிலிருந்து பாங்காக் போறேன்" என்று கேட்காதவர்களிடமும் சொன்னவள் நான். ஆனால் காதில் ஒட்டியிருக்கும் போனில் அந்தப் பெண் குரலில் தேன் தடவிக்கொண்டு அதே வாக்கியத்தை இரண்டாம் முறை சொல்கிறாள். "கனமோரி சான், ரொம்ப மன்னிக்கணும், உங்க பெட்டி இங்க நரிட்டா ஏர்போர்ட் கவுன்டர்ல ரெடியா இருக்கு, பயணம் இன்னிக்குன்னு சொல்லியிருந்தீங்க, இன்னும் வந்து எடுத்துக்கலையேன்னு கவலையா இருந்தது, அதான் கூப்பிட்டேன்." கவலை அவளுக்கு. எனக்கு ஒன்றுமே இல்லை, போன வாரம் பல் டாக்டர் ஊசி போட்டு மரத்துப்போன தாடையை விரலால் அமுக்கிப் பார்த்தேனே, அதேபோல இந்தச் செய்தியையும் அமுக்கிப் பார்க்கிறேன், வலி இல்லை, இருக்கிறது என்று மட்டும் தெரிகிறது. "அதை ஹனேடாவுக்கு அனுப்ப முடியுமா?" "அனுப்பலாம் கனமோரி சான், நாளைக்குத்தான் போய்ச் சேரும்." நாளைக் காலையில் பாங்காக்கில் என் கணவரின் நெஞ்சைத் திறந்து இதய வால்வை மாற்றுகிறார்கள்.

போன் வந்ததும் நிஹொம்பாஷி நிலையத்தில் இறங்கிவிட்டேன், ரயிலுக்குள் போனில் பேசுவதைவிட ரயிலை விடுவது மேல் என்று வளர்ந்தவர்கள் நாங்கள், நான் வந்த ஹனேடா வண்டி என்னை விட்டுவிட்டுப் போயிற்று, இப்போது இந்த ஒற்றைப் பிளாட்பாரத்தின் நடுவில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன், முன்னால் ஒரு தண்டவாளம், முதுகுக்குப் பின்னால் ஒரு தண்டவாளம், முன்னால் வருவது ஹனேடா, பின்னால் வருவது நரிட்டா, டோக்கியோவுக்கு இரண்டு ஏர்போர்ட், ஒரே பாதையின் இரண்டு முனைகள், எழுந்து எந்தப் பக்கம் நாலு எட்டு வைக்கிறேன் என்பதுதான் விஷயம். காலை நேரம், கூட்டம் கறுப்புக் கோட்டுகளாக இரண்டு பக்கமும் வழிந்துகொண்டிருக்கிறது, யாரும் யாரையும் இடிக்கவில்லை. கையில் சூடான காப்பி டப்பா இருக்கிறது, எப்போது வாங்கினேன், பிளாட்பார இயந்திரத்தில் காசு போட்டுப் பட்டனை அமுக்கியிருப்பேன், சூடு உள்ளங்கைக்குத் தெரியவில்லை... பெட்டியை முன்கூட்டியே ஏர்போர்ட்டுக்கு அனுப்பச் சொல்லிக் கடையில் கொடுத்தேனே, அந்தக் கடைப் பெண் என்ன கேட்டாள்? நேபாளத்துப் பெண், சட்டையில் பெயர்ப் பலகை, நான் பெட்டியை உருட்டிக்கொண்டு போனதும் சிரித்தாள். "ஏர்போர்ட்டுக்கு அனுப்பணுமா அம்மா? நரிட்டாவா, ஹனேடாவா?" நான்... நான் சாக்ஸ் பாக்கெட் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "நரிட்டா." அவ்வளவு சுலபமாக வந்தது. அவள்கூடத் திருப்பிச் சொன்னாள், நரிட்டா, சரியா அம்மா? சரி என்றேன்.

மஹோ கூப்பிடுகிறாள். என் மகள், ஒசாகாவில் வேலை, டிக்கெட் எடுத்துத் தந்தவள். "அம்மா, ஏர்போர்ட் போய்ச் சேர்ந்துட்டியா?" "நிஹொம்பாஷில இருக்கேன். பெட்டி நரிட்டாவுக்குப் போயிருச்சு." வெடித்தாள். "எப்படிம்மா? பெட்டிக்குக் கால் முளைச்சுதா? நீதான அனுப்பின!" "பழக்கம்." "நீ எந்தக் காலத்துல இருக்க? வெளிநாடுன்னா நரிட்டா, உள்நாடுன்னா ஹனேடாங்கிறதெல்லாம் நீயும் அப்பாவும் தேனிலவு போனப்ப. சூட்கேஸ் போனாப் போகட்டும், கைப்பையோட ஏறு. பாங்காக்ல ஜட்டி விக்க மாட்டாங்களா?" "அப்பாவோட பைஜாமா அதுலதான் இருக்கு. முன்பக்கம் பட்டன் வச்சது. நெஞ்சுல தையல் இருக்கும், தலை வழியா மாட்ட முடியாது." "அம்மா..." இப்போது குரல் இறங்கிவிட்டது. "அவருக்குப் பயமா இருக்கும்மா. நேத்து கேட்டேன், பயமா இருக்கான்னு. அம்மா வரட்டும், வரட்டும்னு அதையேதான் சொல்றார். நீ ஹனேடா வண்டில ஏறிட்டு எனக்கு ஒரு வரி அனுப்பு, சரியா? ஏறும்மா. யோசிக்காத." யோசிக்கவில்லை மஹோ. அதுதான் எனக்கே விளங்கவில்லை, நான் எதையும் யோசிக்கவில்லை.

யோசிக்காமல்தான் எனக்கு இதெல்லாம் தெரிந்திருக்கிறது... ஹனேடா விமானத்தில் போனால் மாலை விளக்கேற்றும் நேரத்துக்கு ஆஸ்பத்திரி, அவர் கண் விழித்திருப்பார், பார்வையாளர் நேரம் முடியும்வரை பக்கத்தில் உட்காரலாம். நரிட்டாவிலிருந்து சாயங்காலம் ஒரு விமானம் இருக்கிறது, அதில் போனால் நடுராத்திரிக்கு மேல், வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள், விடிகிற முன்பே அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போய்விடுவார்கள், நான் போய் நிற்கும்போது அவர் மயக்கத்தில் இருப்பார் அல்லது... அல்லது. சாயங்கால விமானம் இருப்பது எனக்கு எப்படித் தெரியும்? மஹோ சொல்லவில்லை. நான் பார்த்திருக்கிறேன், ஏதோ ஒரு மத்தியானம் சமையலறை மேசையில் போனை வைத்துக்கொண்டு, முள்ளங்கி வெந்துகொண்டிருந்தது, சீட் இருக்கிறதா என்றுகூடப் பார்த்திருக்கிறேன். ஆக, கடையில் சொன்னது வாய் தவறி அல்ல. அல்லது வாய் தவறித்தானா? என் வயதில் யாரைக் கேட்டாலும் மன்னிப்பார்கள், ஐயோ நானும்தான், வெளிநாடு என்றாலே எனக்கும் நரிட்டாதான் வாயில் வரும் என்று சிரிப்பார்கள், பொய் சொல்ல இதைவிட வசதியான உண்மை யாருக்குக் கிடைக்கும்.

பதினோரு வருடம். கம்பெனி அவரை மட்டும் பாங்காக்குக்கு அனுப்பியது, மஹோவின் படிப்பு, அவருடைய அம்மாவின் முழங்கால், நான் இங்கேயே இருந்துவிட்டேன், எங்கள் மாடிக் குடியிருப்பில் இப்படி இன்னும் இரண்டு வீடுகள், யாருக்கும் அதிசயமில்லை. புத்தாண்டுக்கு வருவார், ஐந்தாம் நாள் போவார், ஒவ்வொரு முறையும் பெட்டியை நான்தான் முன்கூட்டியே நரிட்டாவுக்கு அனுப்புவேன், பிளம் பழ ஊறுகாய், சூப் பொடி, வயிற்றைச் சுற்றிக் கட்டும் கம்பளித் துணி. ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் முகம். மூன்றாவது வருடம் என்று நினைக்கிறேன், அவருக்குப் பின்னால் ஜன்னல் திரை மாறியிருந்தது, சின்னச் சின்ன மஞ்சள் பூ. கம்பெனி வீட்டுத் திரையை எந்த ஆம்பிளை மாற்றுவான்? பிறகு ஒருநாள் அவர் பேசிக்கொண்டே மாம்பழம் சாப்பிட்டார், சதுரம் சதுரமாகக் கீறி, தோலோடு வெளிப்புறமாகத் திருப்பி வைத்திருந்தது, பூப்போல. ஆப்பிள் சீவினால் பாதி ஆப்பிளைக் குப்பையில் போடுகிறவர் அவர். நான் என்ன சொன்னேன்? "நல்லா பழுத்திருக்கு போல" என்றேன். "ம், சீசன்" என்றார். அதோடு சரி. அந்தச் சந்தேகத்தை எடுத்து மனசு அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டேன், கை எட்டாத இடத்தில், குளிர்கால மெத்தைகளுக்குப் பின்னால், எட்டு வருடம் தூசி படிந்து அங்கேயே இருந்தது, அழவில்லை, மஹோவிடம் சொல்லவில்லை, தூக்கமும் கெடவில்லை, அதுதான் ஆச்சரியம், நன்றாகத் தூங்கினேன்.

போன மாதம்தான் தூக்கம் கெட்டது. மஹோ பிறந்ததிலிருந்து அவருக்கு நான் "அம்மா", எனக்கு அவர் "அப்பா", எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான், பெயர் சொல்லிக் கூப்பிடுவது கல்யாணமான புதிதில் கொஞ்ச நாள். ஆபரேஷன் தேதி சொல்லக் கூப்பிட்ட அன்றைக்கு, எல்லாம் சொல்லி முடித்து, வைக்கப் போகும் நேரத்தில், "சிஹாரு" என்றார். என் பெயர்தான், ஆனாலும் யாரையோ கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். "சிஹாரு, உள்ள போறதுக்கு முன்னாடி உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். நேர்ல. நீ வந்ததும்." சரி என்றேன். வேறென்ன சொல்வது. அன்று இரவுதான் புரிந்தது, மனுஷன் தன் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு லேசாக மயக்க மருந்துக்குள் போகப் பார்க்கிறார். கையில் ஊசி குத்தியிருக்கும், பச்சை அங்கி போட்டிருக்கும், அந்தக் கோலத்தில் கிடந்துகொண்டு சொல்வார், எனக்கு ஒருத்தி இருக்கிறாள் என்று. நான் என்ன செய்ய முடியும்? கத்த முடியுமா, எழுந்து வெளியே போக முடியுமா, நாளைக்குப் பிழைப்பாரோ மாட்டாரோ என்று கிடக்கிற மனுஷனிடம்? மன்னித்தே ஆக வேண்டும். கையைப் பிடித்து, பரவாயில்லை, பரவாயில்லை என்று சொல்லியே ஆக வேண்டும். பதினோரு வருடத்துக்கும் சேர்த்து ஐந்து நிமிடத்தில் என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடுவார். பிழைக்காவிட்டால் நான் மன்னித்த மனைவி. பிழைத்தாலும் நான் மன்னித்த மனைவி.

அதனால்தான் நரிட்டா... ஆமாம், அதனால்தான். சரி, சொல்லிவிட்டேன், என்னிடமே சொல்லிவிட்டேன், இடி விழவில்லை, முன்னால் ஒரு ஹனேடா வண்டி வந்து நின்று கதவைத் திறந்து மூடிக்கொண்டு போயிற்று, அடுத்ததில் ஏறினாலும் விமானத்தைப் பிடிக்கலாம், அதற்கடுத்ததில் ஓட வேண்டியிருக்கும். போனை எடுத்தேன். அங்கே இன்னும் விடிகாலை, ஆஸ்பத்திரியில் சீக்கிரம் எழுப்பிவிடுவார்கள். முதல் மணியிலேயே எடுத்தார், கையிலேயே வைத்திருந்திருக்கிறார்.

"ஏறலையா இன்னும்?" குரல் இறுகி, வறண்டு, பரீட்சைக்கு நிற்கிற பையன் மாதிரி.

"பெட்டியை நரிட்டாவுக்கு அனுப்பித் தொலைச்சிட்டேன்."

"நரிட்டாவுக்கா? டிக்கெட் ஹனேடாதானே?"

"ஹனேடாதான். வாய் தவறிடுச்சு. பெட்டியை எடுத்துக்கிட்டு வரணும்னா சாயங்கால விமானம்தான். வந்து சேர நடுராத்திரி தாண்டிடும். காலைல உங்களை உள்ள கொண்டுபோறதுக்கு முன்னாடி பார்க்க முடியாது."

சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். எதற்கு என்று அப்போதுதான் தெரிந்தது. பெட்டியை விட்டுட்டு வா... அவ்வளவுதான், அந்த ஒரு வார்த்தை சொன்னால் போதும், எழுந்து முன்பக்கம் போய் நின்றிருப்பேன், சத்தியமாக நின்றிருப்பேன், போய் உட்கார்ந்து கேட்டிருப்பேன், கையையும் பிடித்திருப்பேன். அவர் சொல்லவில்லை. மூச்சு ஒன்று விட்டார். நீளமாக. வேலை முடிந்து வீட்டுக்கு வந்து வெந்நீர்த் தொட்டியில் கழுத்துவரை இறங்கும்போது விடுவாரே, அந்த மூச்சு.

"சரி... பெட்டி இல்லாம எப்படி, எல்லாம் அதுலதானே இருக்கு. நீ அவசரப்படாத. கண்ணு முழிக்கறப்ப பக்கத்துல இருந்தாப் போதும்." குரல் இளகிவிட்டது, வேறு ஆள், பேசுகிறார், தானாகவே பேசுகிறார். "இங்க கஞ்சின்னு ஒண்ணு தர்றாங்க, இஞ்சியை வெட்டிப் போட்டே ஆளைக் கொன்னுடுவாங்க போல, ஆபரேஷனே தேவையில்ல. நர்ஸ் ஒருத்தி என்னைத் தாத்தாங்கறா. எனக்கு என்ன வயசாயிடுச்சு?" நான் சிரித்தேன். சிரிப்பு வந்தது. "தலையைக் கண்ணாடில பாருங்க" என்றேன். அவரும் சிரித்தார், கொஞ்சம் இருமினார், பிறகு ரொம்பச் சாதாரணமாக, "அப்புறம் அந்த விஷயம், அதான் சொல்லணும்னேனே, அது ஒண்ணும் அவசரமில்ல, பிறகு பார்த்துக்கலாம்." "சரி" என்றேன். வைத்துவிட்டார்.

ஆக... எல்லாம் நான் நினைத்தபடிதான் நடந்திருக்கிறது, நான் கேட்க வேண்டாம், அவர் சொல்ல வேண்டாம், இருவருக்கும் நரிட்டா வசதி. பிறகு ஏன் உள்ளங்கை சுடுகிறது, இந்தக் காப்பி இவ்வளவு சூடா, டப்பாவை பெஞ்சில் வைத்துவிட்டுக் கையை உதறுகிறேன், எதிரே நிற்கிற கோட்டுக்காரர் ஒரு தரம் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறார். பாங்காக்கில் கிடக்கிறவர் பயந்தது கத்திக்கு இல்லை. எனக்கு. இவ்வளவு நேரம் நான் ஓடுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், எதிர்ப்பக்கம் அவரும் ஓடிக்கொண்டிருந்திருக்கிறார், பெட்டி ஒன்றுதான் யோக்கியமாக ஒரு இடத்தில் போய்ச் சேர்ந்திருக்கிறது. அந்த ஒரு மூச்சில் எல்லாம் சொல்லிவிட்டாரே, திரை, மாம்பழம், அவள், எல்லாம், நான் கேட்டும்விட்டேன், என்னை மன்னிக்கச் சொல்லி மட்டும் யாரும் கேட்கவில்லை. கோபமா இது? இப்படித்தான் இருக்குமா? எனக்கு மறந்தே போயிருந்தது. பின்னால் நரிட்டா வண்டி வந்து நிற்கிறது, கதவுகள் திறக்கின்றன, முன்பக்கத்துச் சுரங்கத்திலிருந்தும் காற்று கிளம்பி வருகிறது, இன்னும் வெளிச்சம் வரவில்லை, எழுந்து நிற்கிறேன், கைப்பை தோளில், கை வெறுமையாக... சொல்வாரா, மாட்டாரா, எப்போது சொல்வார், சொன்னால் நான் என்ன செய்வது, எட்டு வருடமாக இதையே உருட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். நானே கேட்கலாமே என்று, அவள் பேர் என்னங்க என்று ஒரு வார்த்தை, ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட, எனக்கு ஏன் தோன்றவே இல்லை?