போர்வையின் நாலாவது முனை

வாரத்தில் ஆறு நாளும் சற்குணத்தின் வீட்டுக் கூடம் நீண்டுகொண்டே போகும். ஆளுக்கொரு திசையில் ஓடுகிற குடும்பம் என்றால் மடிப்பாக்கத்தில் வீடுகள் அப்படித்தான். சனிக்கிழமை வாக்கில் மகள் யாழினியின் அறை ஒரு புள்ளியாகத் தெரியும். சமையலறையிலிருந்து கிளம்புகிற தோசை அங்கே போய்ச் சேர்வதற்குள் அப்பளமாகிவிடும்.

அதற்குத்தான் ஞாயிற்றுக்கிழமைப் போர்வை. சற்குணம், மனைவி ஹேமா, யாழினி, ஹேமாவின் தம்பி தாமு நாலு பேரும் ஆளுக்கொரு முனை பிடித்து மடிப்பார்கள். போர்வையும் கூடத்துக்குத் தக்கபடி நீண்டு கொடுக்கும். ஒரு மடிப்புக்கு வீடு பாதியாகச் சுருங்கும். கடைசி மடிப்பில் எல்லோரும் ஒரே சோபாவில் இருப்பார்கள்.

இந்த ஞாயிறு முனையைப் பிடித்ததுமே மேனேஜர் போன் செய்தார். சற்குணம் ஒரு துணி கிளிப்பை எடுத்துத் தன் முனையை ஜன்னல் கம்பியில் மாட்டினார்.

"ரெண்டே நிமிஷம்" என்று பால்கனிக்குப் போனார்.

திரும்பி வந்தபோது அவர்கள் மடித்து முடித்திருந்தார்கள். ஜன்னல் சோபாவில் உட்கார்ந்திருந்தது. சற்குணம் நின்ற பால்கனி மூலை மட்டும் ஊருக்கு வெளியே கிடந்தது. ஹேமா ஜன்னலுக்குக் காபி ஆற்றிக் கொடுப்பது தூரத்தில் தெரிந்தது.

போன் செய்தார்.

"ஹேமா, நான் இங்க இருக்கேன்."

"யாரு?"

"உன் வீட்டுக்காரன்."

"அவரு இங்கதானே காத்து விட்டுக்கிட்டு இருக்காரு."

பின்னால் யாழினியின் குரல் கேட்டது. "மாமா, அப்பா இன்னைக்கு எவ்ளோ நல்லா கேக்கறாரு பாரேன்! குறுக்க ஒரு வார்த்தை பேசல."

ஜன்னலைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டிவரும் என்று சற்குணம் கனவிலும் நினைத்ததில்லை. இப்படியே விட்டால் மகள் கல்யாணப் பத்திரிகையில் ஜன்னல் பெயர்தான் வரும். ஷோகேஸ் ஓரமாக வந்த பஸ்ஸில் பாய்ந்து ஏறினார்.

"எங்க சார்?" என்றார் கண்டக்டர்.

"சோபா."

"சோபா போகாது. செருப்பு ஸ்டாண்டோட சரி. எறங்கி நடந்துக்குங்க."

வழியில் மேனேஜர் மறுபடி கூப்பிட்டார்.

"எங்க இருக்கீங்க?"

"வீட்டுக்குப் போயிட்டிருக்கேன் சார்."

"எங்கேர்ந்து?"

"வீட்லேர்ந்து."

மேனேஜருக்குத் திருப்தி.

மூச்சு வாங்க வந்து சேர்ந்தவரைத் தாமு மேலும் கீழும் பார்த்தான். "மாமா, போர்வைய மடிச்சாச்சே. உங்கள சேர்க்கணும்னா பிரிக்கணும். பிரிச்சா எல்லாரும் பழையபடி தூரம் போயிடுவோம்."

ஹேமா ஜன்னலைப் பார்த்தாள். கணவரைப் பார்த்தாள். ஜன்னல் காபியைத் தொடவே இல்லை. சற்குணம் அதை எடுத்து ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "சக்கரை பத்தல" என்றார்.

"இவருதான்" என்றாள் ஹேமா. "பிரிடா தாமு!"

பிரித்தார்கள். வீடு விரிந்தது. யாழினி கூவிக்கொண்டே கண்காணாத தூரத்துக்குப் பறந்தாள். சற்குணம் தன் முனையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். போன் அடித்தது. அதே கிளிப்பால் போனை ஜன்னல் கம்பியில் மாட்டினார். மேனேஜர் பேசினார், ஜன்னல் கேட்டுக்கொண்டது. "பிரமாதம், அடுத்த மாசத்துலேர்ந்து ப்ரமோஷன்" என்ற குரல் எல்லோருக்கும் கேட்டது. யாரும் கண்டுகொள்ளவில்லை. மடிக்கிற வேலை இருந்தது.

ஒரு மடிப்பு. தாமு வந்தான். இன்னொரு மடிப்பு. ஹேமா தாளிப்பு வாசனையோடு வந்தாள். அடுத்த மடிப்பில் யாழினி சிரித்துக்கொண்டே வந்து மோதினாள். சந்தோஷத்தில் ஒரு மடிப்பு அதிகமாக மடித்துவிட்டார்கள். நாலு பேரும் ஒருவர் நிற்கிற இடத்தில் நின்றார்கள். யார் கை, யார் மூக்கு என்றே தெரியவில்லை.

"அப்பா, ஜன்னல்கிட்ட ஒண்ணு கேட்டேன்" என்றாள் யாழினி. "உங்ககிட்டயும் கேக்கணும். எனக்கு ஒரு புல்லட் பைக் வேணும்."

கூடாது என்று சொல்லச் சற்குணம் வாயைத் திறந்தார். மகளின் முகம் அவர் முகத்துக்கு எதிரே, மிக அருகில் இருந்தது. திறந்த வாயை அப்படியே வைத்துக்கொண்டார். அதிலிருந்து இதமாகக் காற்று வந்தது.

"அம்மா!" என்று கத்தினாள் யாழினி. "அப்பா கேட்டுட்டாரு!"