வெயில் ஏறும் முன்

எஞ்சின் பழுதாகிப் பிளேன் விழுந்தது என்று விசாரணைக்காரர்கள் எழுதி, கையெழுத்தும் வைத்து, வேலையை முடித்துக்கொண்டார்கள். சுத்தப் பொய். எஞ்சினைப் பார்த்தவன் என் தம்பி ஹலீம். அவன் கை வைத்த வண்டி வழியில் நின்றதாகக் கண்டியில் ஒருவர் சொல்லட்டும், நான் லொறி ஓட்டுவதையே விட்டுவிடுகிறேன். செத்தவன் தலையில் பழியைப் போடுவது எவ்வளவு வசதி!

பிழை யாருடையது என்று எனக்குத் தெரியும்.

ஹுன்னஸ்கிரியவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துத் துரை, இரண்டு பேர் ஏறும் பிளேன் ஒன்றைச் சொந்தமாக வைத்திருந்தார். பள்ளத்தில் கிடந்த நீளமான புல்வெளிதான் அது ஓடி ஏறும் இடம். ஹலீம் அதற்கு மெக்கானிக். முப்பத்தேழாம் ஆண்டு ஜனவரியில், கொழும்புப் பக்கம் ரத்மலானை விமானத் தளத்துக்குப் போகும்போது அவனையும் ஏற்றிச் செல்வதாகத் துரை சொன்னார். தம்பி முதன்முதலாக ஆகாயத்தில் போகப் போகிறான். முந்தின நாள் பின்னேரம் கண்டியிலிருந்து பெற்றோல் ஏற்றிக்கொண்டு போன எனக்குத் தலைகால் புரியவில்லை.

தூரப் பயணத்துக்கு முன் வண்டியைக் கழுவாமல் விடுகிற லொறிக்காரன் உண்டா? பிளேனின் இறக்கைகளில் செம்மண் புழுதி அப்பிக் கிடந்தது. ஓடையில் வாளி வாளியாக அள்ளி ஊற்றிக் கழுவினேன். இருட்டிவிட்டதால் துடைக்கவில்லை. காற்றில் காயும் என்று விட்டுவிட்டேன்.

அன்றிரவு வானத்தில் மேகமே இல்லை. குளிர் எலும்பைத் துளைத்தது.

விடிந்ததும் புல்வெளியின் காவல்காரர் கறுப்பையா சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். புறப்படுகிற எதற்கும் பொட்டு வைத்து அனுப்புவது அவர் வழக்கம். இறக்கையில் வைத்த பொட்டு நிற்காமல் வழுக்கி இறங்கியது. மறுபடி வைத்தார். அதுவும் இறங்கியது. நகத்தால் சுரண்டிப் பார்த்தார். தம்பி என்னை அண்ணன் முறையில் நானா என்பதைக் கேட்டு, அவரும் அப்படியே கூப்பிடுவார்.

"நானா, இது ஈரமில்ல. தண்ணி கண்ணாடியாட்டம் உறைஞ்சு கெடக்கு. போன வருசம் இந்தப் பள்ளத்துலதான் பனி பட்டுக் கொழுந்தெல்லாம் கருகுச்சு. வெயில் ஏறட்டும்னு தொரகிட்ட சொல்லுங்க."

எட்டிப் பார்த்தேன். இறக்கையின் வெள்ளிநிறப் பூச்சு பளபளவென்று இருந்தது, வேறொன்றும் தெரியவில்லை. தொட்டாவது பார்த்திருக்கலாம். ஆனால் தம்பியின் நல்ல நாளில் இவர் வந்து தடங்கல் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. கேட்காமல் பிளேனைக் கழுவியது தெரிந்தால் துரை ஏசுவார் என்ற பயமும் இருந்தது.

"பொட்டு நிக்கல்லெண்டா பிளேன் பறக்காதா? தொர வாறார், தள்ளிப் போங்க" என்று விரட்டினேன்.

துரை அவசரமாக வந்தார். ஹலீம் எஞ்சினைத் திறந்து, எண்ணெய் பார்த்து, கம்பிகளை இழுத்துப் பார்த்து ஏறினான். ஏறும்போது இறக்கையைப் பார்த்துவிட்டு, "நானா, நல்லா மினுங்குது" என்று சிரித்தான்.

எஞ்சின் சத்தம் ஒரு தடவைகூடப் பிசகவில்லை. முழு வேகத்தில் ஓடிய பிளேன், புல்வெளி முடிகிற இடத்தில்தான் தரையை விட்டது. ஓர் ஆள் உயரம் எழும்பியது. அதற்கு மேல் ஏற முடியாமல், ஒரு பக்கம் சரிந்து, கீழே தேயிலைக்குள் விழுந்தது. துரை காலை முறித்துக்கொண்டு உயிர் தப்பினார். ஹலீமை நான் தூக்கியபோது மூச்சு இல்லை. அவனைக் கிடத்திவிட்டு எழும்புவதற்கு, முறிந்து கிடந்த இறக்கையில் கையை ஊன்றினேன். கை வழுக்கியது.

நான் ஊற்றிய தண்ணீர் இறக்கையில் உறைந்துதான் பிளேனை ஏறவிடவில்லை என்று, விசாரணையில் கழுவியதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். கறுப்பையாவும் சொன்னார். "இலங்கையில் ஐஸா?" என்று சிரித்தார்கள். அவர்கள் வந்து பார்த்தபோது வெயில் ஏறி, எல்லாம் உருகிப் போயிருந்தது.

கடுகண்ணாவையில் தம்பி வீட்டுக்குப் போனேன். ஹலீமின் மனைவி றலியா இத்தா இருந்தாள். கணவனை இழந்தவள் பிற ஆண்கள் முகம் பார்க்கக்கூடாத துக்க நாட்கள். திரைக்கு வெளியே நின்று, கறுப்பையாவை விரட்டியது உட்பட ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன்.

"அப்ப, அவர் பார்த்த எஞ்சின்ல பிழ ஒண்டும் இல்லயா?"

"இல்ல."

அவள் அழுதாள். பிழை ஹலீமுடையது என்று பேசிய ஊர் வாய்க்குப் பயந்து இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த அழுகை. அழுது முடியும்வரை நின்றேன்.

"அல்லாஹ் உங்கள மன்னிக்கட்டும், மச்சான்" என்றாள். "நீங்க இனி இங்க வர வேணாம்."