ஒட்டுப் போட்ட சங்கிலி

கடைக்காரர் உரைகல்லைத் துடைத்துவிட்டு, "இது கலப்படம்தான்லா, அக்கா," என்றார். "பாதி விலைதான் வரும். அதுவும் உங்க முகத்துக்காக."

அம்மா உடனே தலையாட்டிவிட்டார். எனக்கு எரிந்தது அதுதான். வெள்ளத்தில் அம்மாவின் தையல் மெஷின் போய்விட்டது. அறுந்து கிடந்த இந்தச் சங்கிலியை விற்று வேறு மெஷின் வாங்கினால்தான் தீபாவளி ரவிக்கைகளைத் தைக்க முடியும். துணி கொடுத்துவிட்டுப் போனவர்கள் தினமும் கேட்கிறார்கள்.

"நைன் ஒன் சிக்ஸ்னு முத்திரை இருக்கே, அண்ணே," என்றேன்.

"முத்திரை கொக்கியிலதான் இருக்கு. கொக்கியை யாரு வேணும்னாலும் மாத்தலாம். தங்கச்சி படிச்ச பிள்ளையோ?"

"கெமிஸ்ட்ரி."

"அப்ப தெரிஞ்சிருக்கணுமே. ஆசிட் பொய் சொல்லாது."

சங்கிலி உரசிய கோடு ஆசிட் பட்டுக் கல்லில் மறைந்ததை நானும்தான் பார்த்தேன். சங்கிலியைப் பிடுங்காத குறையாக எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

காரில் ஏறியதும் அம்மா சொன்னார்: "அவரைத் திட்டாத, ஷர்மி. உங்கப்பாதான் சங்கிலியையே மாத்திட்டாரு."

அப்பா போன வருஷம் இறந்துவிட்டார்.

"அடகுக் கடைக்கும் வீட்டுக்குமா அலைஞ்ச சங்கிலி இது. மீட்டுக் கொண்டாந்து குடுக்கிறப்பல்லாம், இது என்னோடதுதானான்னு பார்ப்பேன்."

"கேக்க வேண்டியதுதானே?"

"கேட்டு, ஆமான்னு சொல்லிட்டா?"

அப்பாவைப் பற்றி நல்லதாக நினைக்க எனக்குக் காரணம் எதுவும் இல்லை. அம்மா கழற்றிக் கொடுக்காத நாட்களில் கழுத்திலிருந்தே இழுத்தவர். சங்கிலி அறும். அடகு வைப்பார். மீட்டதும் பற்றவைத்துக் கொண்டுவந்து கொடுப்பார். பிறகு மறுபடியும் இழுப்பார். சங்கிலியை மடியில் விரித்து, அந்த ஒட்டுகளை விரலால் தடவினேன். தடித்து, நிறம் மங்கி இருந்தன. கை சட்டென்று நின்றது.

"அம்மா, அந்தக் கடைக்காரரு எந்த இடத்தைக் கல்லுல ஒரசினாரு?"

"இந்தா, கொக்கிக்குப் பக்கத்துல."

அது ஒட்டுப் போட்ட இடம். பற்றவைக்கும் பொடி சீக்கிரம் உருக வேண்டும் என்பதற்காக அதில் வேறு உலோகத்தைக் கூடுதலாகக் கலப்பார்கள். மனிதர் அதை உரசிக் காட்டிவிட்டு, சங்கிலி முழுவதற்கும் விலை பேசியிருக்கிறார்.

"ஜொகூர் பாருவுக்குப் போவோம். அங்க தங்கத்தை மெஷின்ல வச்சுப் பார்க்கிற கடை இருக்கு."

"வேணாம். அங்கயும் போலின்னு சொல்லிட்டா? ரெண்டு தடவை அசிங்கப்படணுமா?"

"போலின்னா அசிங்கம் உங்களுக்கு இல்ல, அப்பாவுக்கு."

காரை ஜொகூர் பாருவுக்குத் திருப்பினேன்.

அந்தக் கடையை நடத்துபவர் நஸீமா அக்கா. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, சங்கிலியை ஒரு சின்னப் பெட்டிக்குள் வைத்து மூடினார். அம்மா தெருப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஆன்ட்டி, ஸ்கிரீனைப் பாருங்க."

"நீங்களே சொல்லுங்கம்மா."

நஸீமா அக்கா இடத்தை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். "நைன் ஒன் சிக்ஸ்தான். எல்லா இடத்துலயும். ஒட்டு மட்டும்தான் கம்மி."

அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இன்னொரு தடவை வைங்களேன்."

இன்னொரு தடவையும் அதே எண்தான். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அலமாக்," என்று தலையில் அடித்துக்கொண்டார். "சாகிற வரைக்கும் அந்த மனுசனைச் சந்தேகப்பட்டேனே."

"சந்தேகப்படாம? கழுத்துல இழுத்தவருதானே?"

"அது வேற. அதுக்கு நான் அவரை மன்னிக்கல. ஆனா மாத்தல, பார்த்தியா?"

எனக்கும் மனசு லேசானது. அந்த மனிதர் விஷயத்தில் நிம்மதிப்பட வேண்டியிருக்கிறதே என்று எரிச்சலாகவும் இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும்.

"ஒட்டுகளையெல்லாம் வெட்டி எடுத்துடுறேன்," என்றார் நஸீமா அக்கா. "சங்கிலிக்கு இன்னைக்குப் பழைய தங்கத்துக்கு என்ன விலையோ அது. ஒட்டுக்குத் தனி விலை. வெட்டட்டுமா?"

எங்கள் கண்முன்னே வெட்டினார். தராசை எங்கள் பக்கம் திருப்பி வைத்து நிறுத்தார். முதல் கடைக்காரர் சொன்னதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வந்தது. வெட்டிய ஒட்டுகள் தனியாக ஒரு தட்டில் கிடந்தன.

"இதுக்கு ரொம்பக் கம்மியாத்தான் வரும், ஆன்ட்டி. வேணும்னா நீங்களே வச்சுக்கோங்க."

"அது எதுக்கு வீட்டுல? எடுத்துக்கோங்கம்மா," என்று தட்டைத் தள்ளிவிட்டார் அம்மா.

தையல் மெஷின் கடையில் அரைமணி நேரம் விலை பேசி, சத்தம் போடாத மோட்டாராகப் பார்த்து வாங்கினார். அதைப் பின் இருக்கையில் ஏற்றிக்கொண்டு ஊர் திரும்பினோம். எங்கள் கோத்தா திங்கி எல்லைக்குள் நுழைந்ததும் அம்மா கைப்பையைத் திறந்து நகைக்கடை ரசீதை எடுத்தார்.

"கல்லுல ஒரசின அந்தத் தவுக்கே கடை இந்நேரம் திறந்திருக்குமா?"

"திறந்திருக்கும். எதுக்கு?"

"சும்மா. இதைக் காட்டிட்டுப் போலாம்." ரசீதை மடியில் வைத்து நீவினார். "நீ வாயைத் திறக்காத. நான் பேசிக்கிறேன்."