துடுப்பு பிடித்த கை

"ரிச்சர்ட் மாமா ஊட்டுக்குப் போறோம்னுதானே போன்ல சொன்ன—"

"போனோமேடி. போயி டீ குட்சிட்டு, அப்பறமா—"

"அப்பறமா பழவேற்காடா? பூந்தமல்லிலேர்ந்து பழவேற்காட்டுக்கு எந்த பஸ்ஸும்மா போவுது?"

"மெதுவா பேசுடி. வெளிய ஆளுங்க கீறாங்க."

"கேக்கட்டும். நெஞ்சுல ஸ்டென்ட் வெச்ச மனுசன—"

"கேட்டா உன்னத்தான் பேசுவாங்க. தாலி அறுத்தவள உக்கார வெச்சு அதட்டுதுன்னு."

ஜெனிஷா கையிலிருந்த பையைக் கட்டிலுக்கு அருகே கவிழ்த்து உதறினாள். ஈரம் காயாத லுங்கி விழுந்தது. ஃப்ளாஸ்க் உருண்டது. டார்ச், கொசுவத்திச் சுருள், பாதி பிரெட் பாக்கெட். கடைசியாக மொசைக் தரையில் மணல் கொட்டியது.

"இங்க உதறாதே. நான்தான் பெருக்கணும்" என்றாள் அம்மா செலின். ஆனால் எழுந்திருக்கவில்லை. கட்டிலில் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

முன்பக்கம் கார் ஷெட்டில், கண்ணாடிப் பெட்டிக்குள் அப்பா இருந்தார். கார் என்றைக்குமே நிற்காத ஷெட் அது. ரிடையர் ஆன பிறகு அப்பா இக்னேஷியஸ் அங்கேதான் மூன்று வருடம் ப்ளைவுட்டும் ஃபைபருமாக ஒரு பாய்மரப் படகைக் கட்டினார். மேலே கூரை கிடையாது. இரண்டு பேர் கால் நீட்டிப் படுக்கலாம், அவ்வளவுதான். பழவேற்காடு ஏரியில் அதை ஓட்டிக்கொண்டு போய், ஏதாவது ஒரு மணல்திட்டு ஓரமாக நிறுத்தி, பாயையே கூடாரமாகக் கட்டி ஒரு ராத்திரி தங்க வேண்டும் என்பது அவர் ஆசை. பருத்திப்பட்டில் அத்தனை பேருக்கும் அது தெரியும்.

நீல பெயின்ட் காய்ந்த வாரமே நெஞ்சு வலி வந்தது. கையை அழுத்தி எந்த வேலையும் செய்யக்கூடாது என்று டாக்டர் சொன்னார். அன்று சாயங்காலமே ஜெனிஷா வெள்ளானூரிலிருந்து ஸ்கூட்டியில் வந்து, படகின் சுக்கானைக் கழற்றி எடுத்துப்போய்விட்டாள். சுக்கான் இல்லாமல் படகு எங்கே போகும்? இப்போதும் அது அவள் வீட்டு வாஷிங் மெஷினுக்குப் பின்னால்தான் இருக்கிறது.

அப்படியும் அப்பாவும் அம்மாவும் படகில் போய்விட்டார்கள். படகின் பின்னால் ஒரு துடுப்பைக் கயிற்றால் கட்டி, அதையே சுக்கானாகப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். சுக்கான் இருந்திருந்தால் இரண்டு விரலால் திருப்புகிற வேலை. துடுப்பென்றால் காற்றோடு மல்லுக்கட்ட வேண்டும்.

நேற்றிலிருந்து ஜெனிஷாவுக்கு வேறு நினைப்பே இல்லை.

"ம்மா. துடுப்ப யாரு புடிச்சது?"

"நாலு மாசமா உங்க டாடி அந்த போட்டுக்குள்ள உக்காந்துதான் சோறு துன்னாரு. தெரியுமா உனக்கு? கீரக்காரி கேட்டாண்ட நின்னு, 'இன்னா அண்ணாத்தே, எது வரைக்கும் போயிகினு கீற'ம்பா. 'இன்னும் திருவள்ளூரே தாண்டலம்மா'ம்பாரு இவரு. ரெண்டு பேரும் சிரிப்பாங்க."

"நான் கேட்டது அது இல்ல."

"நான்தான் கெளப்புனேன். அவரு வேணாம்னாரு. ஜெனிஷா திட்டுவா செலினுன்னாரு. பெத்த பொண்ணுக்குப் போயி இப்பிடிப் பயப்படுறியேய்யா, மீசைய எதுக்கு வெச்சிகினு கீறேன்னேன். அவ்ளோதான், போட்ட ஏத்திகினு போவ குட்டியானை வண்டிக்காரனுக்கு போனப் போட்டுட்டாரு."

ஜெனிஷாவுக்குச் சிரிப்பு வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு லுங்கியை மடித்தாள்.

"ஏறுனதுலேர்ந்து சண்ட. அந்தப் பக்கம் உக்காரு, இல்ல இல்ல இந்தப் பக்கம் உக்காருன்னு. காத்து சாய்க்குதாம், மறுபக்கம் பாரம் வேணுமாம். 'கல்யாணத்தப்ப இருந்தாப்பல ஒல்லியா இருந்திருந்தீன்னா, இன்னிக்கு ரெண்டு பேரும் கவுந்திருப்போம்'ங்கறாரு. எவ்ளோ கொழுப்பு பாரு."

"ராத்திரி?"

"ராத்திரி பாயக் கட்டி, போட்டுக்குள்ளயே படுத்தோம். தண்ணி சலக் சலக்குனுகினே இருந்துச்சு. 'நல்லாகீதா செலினு'ன்னு கேட்டாரு. 'கொசு புடுங்குது'ன்னேன்." அம்மா தரையிலிருந்த மணலைக் கால் விரலால் ஓரமாகத் தள்ளினாள். "நல்லாகீதுன்னு சொல்லிருக்கலாம்."

மின்விசிறி கடகடத்தது. வெளியே யாரோ பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்தார்கள்.

"காலைல டீ போட்டுட்டு எழுப்புனேன். எழுந்திரிக்கல."

ஜெனிஷா பக்கத்தில் உட்கார்ந்தாள். லுங்கி மடியிலேயே இருந்தது.

"போன்ல சிக்னலு இல்ல. மீன்காரங்க ரெண்டு பேரு வந்தாங்க. கவுறு கட்டி இழுத்துகினு போறோம்மான்னாங்க. வேணான்ட்டேன்."

"ஏன்மா?"

"இழுத்துகினு போறதுக்கா அவரு மூணு வருசம் கட்டுனாரு? கூடவே வாங்க, அது போதும்னேன். பாய ஏத்திட்டு, நான் பின்னால துடுப்பாண்ட உக்காந்தேனா, போட்டு ஒரே பக்கமா சாயுது. இந்தப் பக்கம் பாரத்துக்கு ஆளில்ல. அப்பறம் அவரத்தான் பெட்ஷீட்டோட இழுத்து இந்தாண்ட வெச்சேன். 'இப்ப நான் சொல்ற பக்கம் நீ உக்காருய்யா'ன்னேன். போட்டு நிமிந்துக்கிச்சு."

"உனக்கு ஓட்டத் தெரியுமா?"

"போவும்போதும் நான்தானே புடிச்சேன்."

"நீயா?"

"பின்ன? அவரு முன்னால கால நீட்டிகினு, ரைட்டு, லெப்டு, போலாம் போலாம்னு கண்டக்டராட்டம் கத்திகினே வந்தாரு." முந்தானைக்குள்ளிருந்து கைகளை எடுத்து விரித்தாள். இரண்டு உள்ளங்கையிலும் கொப்புளம் உடைந்து சிவந்திருந்தது. "பாரு."

ஜெனிஷா அந்தக் கைகளை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அப்படியென்றால் தான் சுக்கானைக் கழற்றியதால் அப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. உடனே, இது திரும்பி வந்தபோது வந்த கொப்புளமாகவும் இருக்கலாமே என்று தோன்றியது.

"டாடி தொடவே இல்லியா?"

"தொடவே இல்ல."

சட்டென்று வந்தது பதில். ரிச்சர்ட் மாமா வீட்டுக்குப் போகிறோம் என்று போனில் சொன்னபோதும் அம்மா இப்படித்தான் சட்டென்று சொன்னாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு அம்மாவின் தம்பி ரிச்சர்ட் எட்டிப் பார்த்தார். "அக்கா, சவப்பெட்டி வந்துடுச்சு. நாலு மணிக்குப் பூசைன்ட்டாரு ஃபாதர். மச்சான் கைக்கு வெள்ள க்ளவுசு வாங்கியாந்து குடுத்தேனே, எங்க? பெட்டிக்காரன் போட்டு உடறேங்கறான்."

"நான் போடறேன்."

"உன் கையே புண்ணாகீது. அவன் போட்டா டக்குனு—"

"நான் போடறேன்னேன்லடா."

தலையணைக்கு அடியிலிருந்து கையுறைகளை எடுத்துக்கொண்டு செலின் நடந்தாள். ஜெனிஷா பின்னாலேயே போனாள்.

ஷெட் தரையில் நீலத் துளிகள் படகின் வடிவத்தில் காய்ந்து கிடந்தன. அதன் நடுவில் கண்ணாடி மூடியைத் தூக்கியிருந்தார்கள். கழுத்துவரை போர்த்தியிருந்த துணியை அம்மா இடுப்புவரை இறக்கினாள். கோட்டு, டை, ஜெபமாலை. அதற்குமேல் ஜெனிஷாவால் பார்க்க முடியவில்லை. அம்மா குனிந்து, தன் முதுகாலேயே அப்பாவின் கைகளை மறைத்துக்கொண்டு நின்றாள். புண்பட்ட விரல்களுக்குக் கையுறை பிடிபடவில்லை. ஒரு தடவை நழுவியது. இன்னொரு தடவையும்.

ஜெனிஷா ஓரடி நகர்ந்து நின்றால் போதும், அப்பாவின் உள்ளங்கை தெரியும். கொப்புளம் இருக்கிறதா இல்லையா என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

அவள் நகரவில்லை. அம்மாவின் முதுகை ஒட்டி நின்று, தோளுக்குப் பின்னாலிருந்து தன் கையை மட்டும் நீட்டினாள்.

"கண்ண மூடிக்கினேம்மா. ஒரு கைய நான் போடறேன், குடு."